லேசான பெட்டியை நான்தான் எடுத்தேன்

நேற்றுக் காலை கூடமெல்லாம் உங்கள் பெட்டி சூடேறிய வாசனை. வயரிங் மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் பரண்மேல் ஏறினவர், பழைய வேட்டி சுற்றிக் கிடந்ததைத் தம் கட்டி இறக்கிவைத்து, "இன்னாம்மா இது, இந்தக் கனம் கனக்குது? எடைக்குப் போட்றலாமா?" என்று கேட்டார். கிடாருக்கு ஆம்ப்ளிஃபையர் என்றேன். அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வயரைச் சுரண்டிப் பார்த்து, புது பிளக் மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டார். உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்தன. எத்தனையோ வருஷத்துத் தூசு கருகுகிற அந்த வாசனை வந்தது. அப்புறம் பெட்டியின் அந்த 'ம்ம்' என்ற முனகல். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம். இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எழுதினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரியும், அதனால்தான். இந்தக் கனத்த பெட்டிக்கு முன்னால் லேசான பெட்டி ஒன்று இருந்தது, பதினெட்டே நாள். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். எழுபதுகளின் தொடக்கம். சென்னையிலிருந்து தாலுகா ஆபீஸுக்கு டைப்பிஸ்டாக மாற்றலாகி வந்த உங்களை, ஒரே பெண்ணைப் பிரிய மனமில்லாமல், தறி நெய்கிற என் அப்பா பிள்ளையார்பாளையத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று உங்களுக்குப் பயம். நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்களோ என்று அப்பாவுக்குப் பயம். நடுவில் நான். ஒரு பக்கம் காபி கொடுக்கும்போது இன்னொரு பக்கம் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்த காலம் அது.

உங்கள் கிடார்தான் பெரிய தொல்லை. பொந்து வைத்த கிடாராக இருந்தாலாவது தானாகச் சத்தம் போடும். நீங்கள் கல்கத்தாவிலிருந்து தருவித்தது கெட்டிப் பலகையில் கம்பி இழுத்துக் கட்டினது. பெட்டியில் சொருகாமல் வாசித்தால் காதருகே கொசு வந்து போன மாதிரிதான் கேட்கும். உள்ளூர்க் கச்சேரிகளுக்கு வாசிக்கப் போனால் மேடையில் குழுக்காரர்களின் பெரிய பெட்டி இருக்கும்; வீட்டில் ஒன்றும் கிடையாது. மரக்கட்டிலின் சட்டத்தில் கிடாரை அழுத்தி, சட்டத்தில் காதை ஒட்டவைத்துப் பழகுவீர்கள். அந்தக் கோலத்தில் உங்களை முதலில் பார்த்தபோது பல்வலி என்று நினைத்துக் கிராம்பு எடுக்கப் போனேன்.

அப்போதுதான் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனீர்கள். நீங்கள் வாசித்ததைக் கேட்ட சென்னை மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர், வருகிற அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு வந்து வாசித்துக் காட்டுங்கள், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் மூன்றே வாரம். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "கம்பியைத் தொட்டா வெளிய எப்படிக் கேக்குதுன்னே தெரியாமப் பழகறேன். அங்க போய்த் தொட்டதும் கை நடுங்கிடும். வீட்ல வெச்சிக்கினு பழக ஒரு சின்ன பெட்டி இருந்தாப் போதும்" என்றீர்கள். நீங்கள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டதால் நானும் கூடவே சென்னைக்குக் கிளம்பி வந்தேன்.

ரேடியோ சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில், கடைசிக் கடையில், இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டும் கடைக்காரரே கட்டினவை. பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன, சத்தமும் அப்படியே. விலையில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றைத் தூக்க இடுப்பு வலித்தது. மற்றது ஒரு கையில் வந்தது.

எனக்கு அப்போது பரண்தான் கண்ணில் நின்றது. அப்பா தறியில் உட்காரும் முன்னால் இதைத் தூக்கிப் பரணில் வைக்க வேண்டும். நீங்கள் ஆபீஸ் போன பிறகு அந்த வேலை என் தலையில்தான். லேசானதை எடுத்துக்கலாங்க என்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. "இதுல டிரான்ஸ்பார்மர் கிடையாதும்மா, அதான் லேசா இருக்குது. லைன்ல வர கரெண்டு நேரா உள்ள வருது. ஒரு நேரம் கிடார் கம்பி வரைக்கும் வந்து நிக்கும், ஒரு நேரம் வராது. சார் எப்பவும் ரப்பர் செருப்பு போட்டுக்கினு வாசிக்கட்டும். வெறுங்காலோட மட்டும் தொடக் கூடாது" என்றார். நீங்கள் யோசித்தீர்கள். கனமான பெட்டியை இன்னொரு தடவை பார்த்தீர்கள். நான்தான் செருப்பு போடுவது ஒரு பெரிய வேலையா என்று கேட்டு, அந்தப் பேச்சை முடித்துவைத்தேன். என் அவசரம் உங்களுக்குத் தெரியாததா? அவசரத்தில் அரிசிக்குப் பதில் கூழாங்கல்லைக்கூட வேக வைத்து இறக்கிவிடுவேன் என்று கிண்டல் செய்வீர்களே.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. பின்கட்டில், கிணற்றை ஒட்டின அறையில், நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்போடு முக்காலியில் உட்கார்ந்து வாசித்தீர்கள். வீட்டுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு மனிதர் சங்கீதம் பழகுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பாதி வேலையைக் காதால் செய்கிறவர். இழை தளர்ந்தாலும் மிதி இழுத்தாலும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் பெட்டி பாட ஆரம்பித்தால் அவருக்குத் தறி கேட்காது. உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னிடம் வந்து, "மாப்ள இன்னும் எவ்ளோ நேரம் வாசிப்பாரும்மா?" என்று கேட்பார். அது காதில் விழுந்ததும் நீங்கள் பெட்டியை அணைத்துவிட்டு, கொல்லையில் போய் நிற்பீர்கள். ஞாயிறு நெருங்க நெருங்க உங்கள் தாடை இறுகிக்கொண்டே வந்தது. அங்கே வாசித்துக் காட்ட எடுத்துவைத்திருந்த பாட்டில் இறங்கி வருகிற ஓர் இடம் உங்களுக்குக் கைகூடவே இல்லை. எனக்கு இங்கே அப்பா, அங்கே நீங்கள். எந்த வேளையில் எது உடையும் என்று இரண்டு பக்கமும் காதை வைத்தபடி இருந்தேன்.

அமாவாசை வியாழக்கிழமை வந்தது. நீங்கள் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தீர்கள். அமாவாசைக்கு நம் தெருவில் தறி ஓடாது. காலையிலிருந்தே தெரு அமைதியாக இருந்தது, அதனால் உங்கள் பெட்டி நாலு வீட்டுக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, வீட்டில் காய்ச்சல்காரர் படுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அணைத்துவிட்டீர்கள். மூன்று நாள்தான் பாக்கி.

அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார். கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார், நெற்றியில் விபூதி ஈரம்கூடக் காயவில்லை. "தறிக்குழியில உக்காந்து வாசிங்க மாப்ள. சத்தம் மண்ணுக்குள்ள போயிடும், வெளிய கேக்காது" என்றார்.

வெளியூர்க்காரருக்கு அது ஒரு பள்ளம்தான். எங்களுக்கு அது வேறு. தறிக்கு முன்னால் தரையில் தோண்டின குழி, அதில் காலை விட்டு மிதியை மிதித்துத்தான் நெசவு. அதில் வேறு ஆள் உட்கார அப்பா விட்டதே இல்லை. என்னைக் குழந்தையில்கூட விட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த ஒரு பேச்சில் தளர்ந்தது. உங்கள் முகத்திலும் அதைப் பார்த்தேன். நீங்கள் கிடாரைச் சாமி படத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தறியறைக்கு வந்தீர்கள்.

வாசற்படியில் செருப்பைக் கழற்றினீர்கள்.

தறியறைக்குள் செருப்பு போகாது. இது உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களே பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்பா தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருகிறவர். இடம் கொடுத்த மனிதரின் முன்னால் செருப்போடு நுழைய உங்களுக்கு எப்படி மனம் வரும்? வழக்கம்போல ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே உதறிவிட்டுப் படியைத் தாண்டினீர்கள். வழக்கம்போல நான் அவற்றைக் காலால் நகர்த்தி, சுவரோரம் ஜோடியாகச் சேர்த்தேன்.

சேர்க்கும்போதே கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வெறுங்காலோட மட்டும் தொடக் கூடாது. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் ஞாபகம் வந்தது.

பத்தடியில் அப்பா முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். செருப்பு போட்டுக்கோங்க என்று நான் சொன்னால் அவர் காதில் விழும். தறிக்குழியில் செருப்பா என்று நிமிர்ந்து பார்ப்பார். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், அல்லது வாங்காமல் முகத்தைச் சுருக்கிக்கொள்வார். அது அதைவிடக் கேடு. இரண்டு வாரமாய் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். அரை மணிதானே என்று நினைத்தேன். சொல்லவில்லை. படியிலேயே நின்றேன்.

நீங்கள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டீர்கள். தறியில் ஏற்றின பாவு நூல் காயக் கூடாது என்று அந்தக் குழிமண்ணில் தினம் தண்ணீர் தெளிப்போம். தொட்டால் சில்லென்று இருக்கும். பெட்டியை மேலே தரையில் வைத்து, சுவிட்சைப் போட்டீர்கள். வால்வு சூடேறுகிற வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் பாதியிலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் குனிந்து இடது கையால் கம்பிகளைப் பிடித்தீர்கள்.

பாட்டு வரவில்லை. பெட்டி ஒரே ஒரு சத்தம் போட்டது, நிறுத்தாமல். உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. கிடாரை விட முடியாமல் கை அதை இன்னும் இன்னும் இறுக்கியது. எனக்கு அது புரிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. ஓடிவந்து உங்கள் தோளைத் தொடப் போனேன்.

"தொடாத!"

அப்பா எதையும் பார்க்கவில்லை. முற்றத்திலிருந்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு, இது சரியில்லை என்று தெரிந்து ஓடிவந்திருக்கிறார். போன மழையில் எங்கள் தெருவில் கரெண்டுக் கம்பி அறுந்து மாடு செத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். சுவரில் சாத்தியிருந்த, பாவு விரிக்கிற மூங்கில் கழியை எடுத்து, கிடாரின் கழுத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். இரண்டாவது அடியில் அது உங்கள் கையை விட்டுக் குழிக்குள் விழுந்தது. நீங்கள் பின்னால் சாய்ந்தீர்கள். அப்பா அதே கழியால் பிளக்கைத் தட்டிவிட்டுக் கழியைக் கீழே போட்டார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உயிருக்குப் பயமில்லை என்றார். இடது கையில் நான்கு விரலிலும் கம்பி பதிந்த இடம் கோடு கோடாக வெந்திருந்தது. அன்று மத்தியானம் அப்பா உங்கள் அருகே உட்கார்ந்து, கடைக்காரர் இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் பார்வை என்னைத் தாண்டித் தறியறை வாசற்படிக்குப் போயிற்று. அங்கே நீலப் பட்டைச் செருப்பு இரண்டும் ஜோடியாக, சுவரோரம், வரிசை பிசகாமல் இருந்தன. வாழ்நாளில் ஒரு நாளும் செருப்பைச் சேர்த்து விட்டவர் இல்லை நீங்கள். அதைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "சொன்னாருங்க. செருப்பு போட்டுக்கினுதான் வாசிக்கணும்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றீர்கள்.

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் விரல்களில் கட்டு இருந்தது. அந்தக் குழுவில் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவர்கள் சிங்கப்பூர் போனார்கள் என்ற செய்தியை நீங்களே வந்து சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் ஆத்திரம் வந்தது. என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டி அழுதாவது தீர்த்திருப்பேன். உங்கள் நல்ல குணத்தால் எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று, தெரியுமா?

பெட்டியை மாற்ற அப்பாவும் நானும்தான் சென்னைக்குப் போனோம். அப்பாவுக்கு ஆம்ப்ளிஃபையரும் தெரியாது, டிரான்ஸ்பார்மரும் தெரியாது. இரண்டு பெட்டியையும் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கறதைக் குடுப்பா" என்றார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பாலாற்றுப் பக்கம் வரும்போது என்னிடம், "ஒரு புடவையைக் கையில வாங்கினாலே சரிகை எவ்ளோன்னு சொல்லுவியேம்மா. இதைத் தூக்கும்போது உனக்குத் தோணலியா?" என்று கேட்டார். திட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். புழுதி கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த அமாவாசைக்கு உங்கள் விரல் ஆறியிருந்தது. கிடாரையும் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தீர்கள். தறியறைக்குள் வந்தவர் குழியின் அருகே நின்றுவிட்டீர்கள். குழிக்குள், மிதிக்குப் பக்கத்தில், புத்தம்புது ரப்பர் செருப்பு ஒன்று ஜோடியாக இருந்தது. "இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் வேணாமாம், கடைக்காரர் சொன்னாரு. இருந்தாலும் போட்டுக்கோங்க. புதுசு மாப்ள, தெருவை மிதிக்காதது" என்றார் அப்பா. அவரே கொண்டுவந்து வைத்திருக்கிறார், அந்த அப்பா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே வைத்திருப்பார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. நான் யாருக்குப் பயந்து வாயை மூடினேனோ, அந்த மனிதர் என் பயத்துக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் அப்பா இருந்தவரை, அவர் போன பிறகும் உங்கள் கை ஒத்துழைத்தவரை, அமாவாசைதோறும் குழியில் உட்கார்ந்து வாசித்தீர்கள். அந்த இறங்கி வருகிற இடம் சுத்தமாகக் கைகூடி வந்தது. தெருவில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

போன வருஷம் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றது. நீங்கள் படியில் உட்கார்ந்திருக்க, செருப்பைத் தேடி எடுத்து உங்கள் காலருகே சேர்த்து வைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "செருப்பைச் சேத்து வெக்கிறதுல உன்ன மாதிரி ஆள் கிடையாது" என்றீர்கள். கிண்டல் குரல்தான். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள், விடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கார்க்காரர் ஹாரன் அடித்தார், நான் பையைத் தூக்கிக்கொண்டேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

அதனால் இப்போது எழுதுகிறேன். எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சொல்லவில்லை. நீங்கள் மறக்கவும் இல்லை, உங்கள் மேல் தப்பும் இல்லை.

நேற்று நடந்ததில் ஒன்றை மேலே சொல்லாமல் விட்டேன். அந்த எலெக்ட்ரீஷியன் முதலில் தறியறையில்தான் சுவிட்சு போர்டைக் கழற்ற வேண்டியிருந்தது. தறி இன்னும் அங்கேதான் இருக்கிறது, சித்தப்பா மகன் நெய்கிறான். எலெக்ட்ரீஷியனும் நம் ஊர்க்காரர், மரியாதை தெரிந்தவர். படியிலேயே செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. என் கால் பழக்கத்தில் அவற்றைச் சேர்க்கப் போயிற்று. அப்புறம் குனிந்தேன். முழங்கால் வலியோடு, கையை ஊன்றிக் குனிந்து, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு தறியறைக்குள் போனேன். அந்த மனுஷர் பதறிப்போய், "ஐயோ, நீங்க எடுக்கறதா, தறி இருக்குதும்மா" என்றார்.

"இருக்கட்டும்பா, போட்டுக்கோ" என்று அவர் காலருகே வைத்தேன்.